சிட்டையும் பேரேடும்: ஆச்சியின் இணையதளத்துக்கு இரண்டு புதுக் கட்டுகள்

ஆச்சி, வணக்கம். உங்கள் கேள்வி இன்னும் பலருக்கும் உள்ள கேள்வி என்பதால் அதைச் சுருக்கமாக ஒரு முறை சொல்லிவிட்டே தொடங்குகிறேன். தேவகோட்டையில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் நீங்கள். 2009-இல் மகன் உங்களுக்கு ஒரு சொந்த இணையதளம் செய்து கொடுத்தார். அதில் முகப்பு, வீட்டுப் படங்கள், பலகாரக் குறிப்புகள் என்று மூன்றே பகுதிகள். இப்போது ‘நகைச்சுவை’, ‘எழுத்து’ என்று இரண்டு பகுதிகளைச் சேர்க்க வேண்டும். கையில் இருப்பவை: பள்ளி மலர்களிலும் இதழ்களிலும் வந்த கட்டுரைகள், நாலு நோட்டு நிறையக் குடும்பக் கதைகள், பழைய கம்ப்யூட்டரில் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகள், அப்புறம் போனில் சேர்த்துவைத்த ஜோக்குகள். எங்கே தொடங்குவது, எப்படி அடுக்குவது, தமிழிலேயே முகவரி வைக்கலாமா, பழைய பக்கங்களை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

நான் கோட்டையூர்க்காரன். காரைக்குடியில் பதினேழு வருடமாகச் சின்னக் கடைகளுக்கும் குடும்பங்களுக்கும் தளம் செய்து கொடுப்பதுதான் தொழில். உங்கள் தளத்தை முழுக்கப் பார்த்தேன். பழையது என்று கூச்சப்பட ஒன்றுமே இல்லை. எல்லாம் வெறும் எச்.டி.எம்.எல் கோப்புகள், அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் எதுவும் உடையாமல் திறக்கிறது. தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸுக்கு மாற்றச் சொல்லி யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். அது நல்ல கருவிதான். ஆனால் அதையும் அதோடு இணைக்கும் துணை நிரல்களையும் விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கவனிக்க ஆள் இல்லையென்றால் எவனாவது உள்ளே நுழைந்து விளம்பரத்தை ஒட்டிவிட்டுப் போவான். மாதத்துக்கு இரண்டு பக்கம் சேர்க்கப்போகிற உங்களுக்கு இப்போது இருப்பதே போதும்.

மெனுவில் இரண்டு பெயர் சேர்ப்பது அரைமணி நேர வேலை. அதை நான் கடைசியில் செய்து தருகிறேன். முதலில் உருப்படிகள் தயாராகட்டும். எழுத்துப் பகுதிக்கு ஆறு, நகைச்சுவைக்கு ஆறு, அவ்வளவு கையில் இருந்தால் போதும். ‘விரைவில் வரும்’ என்ற ஒரே வரியோடு வருடக்கணக்கில் கிடக்கிற பக்கங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். உறவுக்காரர்கள் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு ஒன்றும் இல்லையென்று திரும்பினால், மறுபடி அவர்களைக் கூப்பிடுவது கஷ்டம்.

அடுக்குவது பற்றிக் கேட்டீர்கள். உங்களுக்கு இதை விளக்குவது சுலபம், ஏனென்றால் உங்கள் ஐயா (தாத்தா) வட்டிக்கடைக் கணக்கு எழுதியவர் என்று சொன்னீர்கள். அவர் கடையில் சிட்டை ஒன்று இருந்திருக்கும், பேரேடு ஒன்று இருந்திருக்கும். அன்றன்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது சிட்டை. அதையே ஆள்வாரியாக, தலைப்புவாரியாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு. இரண்டில் எது இல்லாவிட்டாலும் கணக்கு நிற்காது. தளத்துக்கும் இந்த இரண்டும் வேண்டும். முகப்பில் ‘புதியவை’ என்று ஒரு சிட்டை: தேதி, தலைப்பு, எந்தப் பகுதி, அவ்வளவுதான், புதியது மேலே. ‘எழுத்து’, ‘நகைச்சுவை’ ஒவ்வொன்றின் முதல் பக்கமும் பேரேடு: அங்கே தேதி வரிசை வேண்டாம், பொருள் வரிசை வேண்டும். உங்கள் எழுத்துப் பக்கத்தில் பள்ளிக்கூடம், ஊர்கள், ஐயாவின் கடிதங்கள், பாட்டும் தாலாட்டும் என்று நாலு தலைப்புகள் தானாகவே வந்து நிற்கின்றன. நாளைக்கு ஒருவர் உங்கள் தாலாட்டுக் கட்டுரையைத் தேடி வந்தால், அதை எந்த மாதம் ஏற்றினீர்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாரம் தவறாமல் பார்க்கிற உங்கள் கோலாலம்பூர் மருமகளுக்குச் சிட்டை, புதிதாக வருகிறவருக்குப் பேரேடு.

ஒவ்வொரு உருப்படியின் அடியிலும் இரண்டு தேதி போடுங்கள்: எழுதியது எப்போது, தளத்தில் ஏற்றியது எப்போது. ‘இப்போது பஸ் கட்டணம் ஏறிவிட்டது’ என்று 1987-இல் எழுதிய வரியை இன்றைக்கு ஒரு பையன் படித்தால் எந்த ‘இப்போது’ என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

பாமினிக் கோப்புகளுக்கு வருகிறேன். பாமினியில் அடித்தது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான்; அதன்மேல் தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். எல்லாவற்றையும் எந்தப் போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஒரு கோப்புக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் மாற்றிய பிறகு கண்ணால் ஒரு முறை படிப்பது கட்டாயம். ஏன் என்பதற்கு உங்கள் தளத்திலிருந்தே ஒன்று காட்டுகிறேன். ‘கௌனி அரிசி’ பக்கத்தைத் தேடுபொறியில் போட்டுத் தேடினேன், வரவில்லை. பக்கத்தைத் திறந்து எழுத்தெழுத்தாகப் பார்த்தால், அங்கே இருப்பது ‘கெளனி’. அதாவது ‘கெ’, அதற்குப் பிறகு தனியாக ‘ள’. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரிகின்றன. கம்ப்யூட்டருக்கு இவை வேறு வேறு சொற்கள். கௌரி, மௌனம், பௌர்ணமி, சௌக்கியம் எல்லாவற்றிலும் இதே தகராறு வரும். ‘ஔ’ எழுத்துக்குப் பதில் ‘ஒள’ என்று இருப்பதும் அப்படித்தான். கால் போட வேண்டிய இடத்தில் ‘ர’ அடித்திருப்பதும் நிறைய உண்டு. தமிழாசிரியை கண்ணுக்கு இந்தப் பிழைகள் தப்பாது, ஆனால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பாருங்கள்.

இதழ்களில் வந்த கட்டுரைகளை உங்கள் தளத்தில் போடலாமா என்ற தயக்கம் நியாயமானது. நம் சட்டப்படி, நீங்கள் அந்த இதழின் சம்பளக்காரராக இல்லாமல் எழுதி அனுப்பியது உங்களுடையதே. எழுத்து மூலம் உரிமையை மாற்றிக் கொடுத்திருந்தால்தான் பிரச்சினை. ‘முதலில் இந்த இதழில், இந்த மாதம் வந்தது’ என்று மேலே ஒரு வரி போட்டுவிட்டு ஏற்றுங்கள். ஐயா ரங்கூனிலிருந்து எழுதிய கடிதங்களுக்கும் கணக்கு உண்டு. எழுதியவர் இருக்கும்போதே அச்சில் வந்தவற்றுக்கு, அவர் காலமாகி 60 ஆண்டு வரை உரிமை வாரிசுகளுக்கு; அதுவரை அச்சேறாதவற்றுக்கு, முதலில் வெளியானதிலிருந்து 60 ஆண்டு. அவர் 1958-இல் காலமானதாகச் சொன்னீர்கள். அந்தக் கடிதங்கள் இதுவரை எங்கும் அச்சில் வராதவை என்றால் உரிமை இன்னும் வாரிசுகளுடையதே. ஆகவே அண்ணன் தம்பிகளிடமும் மற்ற வாரிசுகளிடமும் சம்மதம் வாங்கிக்கொண்டு போடுங்கள்; நம் ஊர் முறையும் அதுதான்.

முகவரி விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறார். தமிழில் வைக்க ஆசையாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. முகவரிப் பட்டையில் ‘நகைச்சுவை’ என்று அழகாகவே தெரியும். அதை நகல் எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பல நேரம் சதவீதக் குறியும் எண்ணும் எழுத்தும் கலந்த நீளமான கயிறாக மாறிவிடும். ‘நகைச்சுவை’ கம்ப்யூட்டருக்கு ஒன்பது குறிகள், ஒவ்வொன்றும் அந்தக் கயிற்றில் ஒன்பது எழுத்தாக விரியும். ஆக மொத்தம் 81 எழுத்து, அந்த ஒரு சொல்லுக்கு மட்டும். ஏதோ வைரஸ் லிங்க் என்று பயந்து அழித்துவிட்டதாக என்னிடம் சொன்னவர்கள் உண்டு. ஆகவே முகவரியில் மட்டும் ‘நகை’, ‘எழுத்து’ என்று ஆங்கில எழுத்தில் சின்னதாக வைப்போம். பக்கத்தின் தலைப்பு, மெனு, உள்ளே உள்ளது எல்லாம் தமிழ்தான்.

பழைய பக்கங்களை ஒன்றுகூட நகர்த்த வேண்டாம். உங்கள் கந்தரப்பம் பக்கத்தின் முகவரியைப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் எத்தனை பேர் போனில் சேமித்து வைத்திருக்கிறார்களோ. அவர்கள் தீபாவளிக்கு முதல் நாள் அரிசியை ஊறவைத்துவிட்டு அதைத் திறக்கும்போது ‘பக்கம் இல்லை’ என்று வரக் கூடாது. எதையாவது நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தரத் திருப்பம் வைத்துவிடலாம். சர்வரில் ஒரு வரி வேலை, சொல்லுங்கள், செய்து தருகிறேன்.

சரி, நகைச்சுவை. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

போனில் சேர்த்துவைத்த ஜோக்குகளை விட்டுவிடுங்கள். யார் எழுதியது என்றே தெரியாதவை அவை. உங்களுடையவை இல்லை என்பது மட்டும் நிச்சயம். அதோடு, உங்கள் தளத்துக்கு வருகிறவர் அதே ஜோக்கைத் தன் குடும்பக் குழுவில் மூன்று தடவை படித்திருப்பார். ஆனால் உங்கள் நோட்டில் இருப்பதை உலகத்தில் வேறு எங்கேயும் படிக்க முடியாது. மாதிரிக்கு நீங்கள் அனுப்பியதில் வெண்கலப் பானைக் கதையை எடுத்துக்கொள்கிறேன். இதில் வரும் விலாசம், பாத்திரத்தில் வெட்டியிருக்கும் வீட்டு அடையாள எழுத்து. நீங்கள் எழுதியிருந்தது இது:

“எங்கள் அப்பத்தா மிகுந்த நகைச்சுவை உணர்வு கொண்டவர். அவர் பேசினாலே அனைவரும் சிரிப்பர். ஒருமுறை எங்கள் வெண்கலப் பானையை ஒரு திருமணத்திற்கு இரவல் கொடுத்திருந்தோம். பதினோரு ஆண்டுகள் கழித்தே அது திரும்பி வந்தது. அதில் எங்கள் விலாசத்திற்குக் கீழே அவர்களது விலாசத்தையும் வெட்டியிருந்தனர். அதைக் கண்ட அப்பத்தா, சம்பந்தம் ஆகிவிட்டதாக வைத்துக்கொள்ளலாம் என்று நகைச்சுவையாகக் கூறினார். அதைக் கேட்டு அனைவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.”

இதே கதையைப் போனில் சொன்னீர்கள். நான் கடையில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். எழுத்தில் படித்தபோது அந்தச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். முதல் இரண்டு வாக்கியம் சிரிப்பு வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கடைசி வாக்கியம் சிரித்தாகிவிட்டது என்று முடித்துவைக்கிறது. படிக்கிறவருக்கு நடுவில் வேலையே இல்லை. ‘நகைச்சுவையாகக் கூறினார்’ என்ற இரண்டு சொல் அப்பத்தாவின் வாயை மூடிவிட்டது. போனில் அவர் பேச்சு அப்படியே வந்தது. அதோடு அப்பச்சி, அதாவது உங்கள் அப்பா, கோபத்தில் சண்டைக்குக் கிளம்பிய விஷயத்தை நோட்டில் இரண்டு பக்கம் தள்ளி வேறொரு கதையில் எழுதியிருக்கிறீர்கள். அதை இங்கே கொண்டுவந்து, நீங்கள் போனில் சொன்ன மாதிரியே எழுதிப் பார்த்தேன்:

“கல்யாணத்துக்கு இரவல் போன வெண்கலப் பானை பதினோரு வருடம் கழித்துத் திரும்பி வந்தது. அப்பச்சி அதை வளவில் கவிழ்த்துத் துடைத்தார். எங்கள் விலாசத்துக்குக் கீழே, அதே அளவில், அவர்கள் விலாசமும் வெட்டியிருந்தது. அப்பச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்பத்தா பானையைத் தன் பக்கம் இழுத்து இரண்டு விலாசத்தையும் விரலால் தடவினார்.

‘எங்கடா போறே? போறதுன்னா வெறுங்கையோட போகாதே. தட்டுல வெத்தலை பழம் எடுத்துக்கிட்டுப் போ. சம்பந்தம் ஆயிருச்சுல்ல.’”

அதோடு நிறுத்திவிடலாம். விலாசம் என்றால் வெளியூர்க்காரருக்குத் தெருமுகவரி என்றுதான் தோன்றும். நமக்கு அது வீட்டையும் கடையையும் குறிக்கிற முதலெழுத்துத் தொடர், வெஞ்சாமான் என்கிற வீட்டுப் பாத்திரம் ஒவ்வொன்றிலும் வெட்டியிருப்பது. அந்த விளக்கத்தைக் கதைக்குள் நுழைத்தால் வேகம் போய்விடும். நகைச்சுவைப் பகுதியின் முதல் பக்கத்தில் பத்து வரியில் ஒரு சொல்விளக்கம் வைத்துவிடுங்கள்: விலாசம், பட்டாலை, வளவு என்றால் வீட்டு நடுமுற்றமும் அதைச் சுற்றிய இடமும், அப்பச்சி என்றால் அப்பா, ஆத்தா என்றால் அம்மா, அண்ணமிண்டி என்றால் அண்ணன் மனைவி. ஒரு தடவை படித்தவருக்கு எல்லாக் கதையும் திறந்துவிடும்.

என் யோசனை இதுதான்: நகைச்சுவைக் கதைகளை முதலில் எழுதவே வேண்டாம். போனில் குரல் பதிவைப் போட்டுவிட்டு, எதிரே பேத்தியை உட்காரவைத்துச் சொல்லுங்கள். அப்புறம் அதைக் கேட்டு எழுதுங்கள். நடத்துகிற வாக்கியம் எழுத்துத் தமிழில் இருக்கட்டும், ஆள் பேசுவது மட்டும் அவரவர் பேச்சில். நம் வீட்டுச் சிரிப்பெல்லாம் முகப்பில் பிறந்தது இல்லை. வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டில், மாவு சலிக்கிற இடத்தில், ஓலைக் கொட்டான் முடைகிற இடத்தில் பிறந்தது. அந்தப் பேச்சைச் செந்தமிழாக்கினால் ஆள் மாறிவிடும். நடைக்கு ஒரு வழிகாட்டி வேண்டுமென்றால் எங்கள் கோட்டையூர் ஏ.கே. செட்டியாரைப் படியுங்கள். 1940-இல் காந்தி ஆவணப்படம் எடுத்தவர், 1943 முதல் ‘குமரி மலர்’ நடத்தியவர். அவர் பயண எழுத்தில் சின்னச் சின்ன வாக்கியம்தான், தன்னைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. சிரிப்பு தானாக வரும், எங்கே வந்தது என்று திரும்பிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

யாரைப் பற்றி எழுதுவது என்பதிலும் ஒரு கவனம். நம் பக்கத்தில் யாரை எடுத்தாலும் ஒன்று பங்காளி, இல்லையென்றால் சம்பந்தப்புரம், அதாவது கல்யாண வழி உறவு. பெயரை மாற்றினாலும் ஊரையும் விலாசத்தையும் வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். காலமானவர்களின் கதை, உங்கள் சொந்தக் கதை, இரண்டும் தாராளமாகப் போடலாம். உயிரோடு இருப்பவர் என்றால் அவரிடமே படித்துக் காட்டுங்கள். அவர் சிரித்தால் ஏற்றுங்கள். சீர், முறை, வீட்டுக்கு வந்த மருமகள், இவை பற்றியவற்றை விட்டுவிடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். நோட்டில் அப்படி மூன்று கதை இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றில் சிரிக்கப்படுகிறவர் இன்னும் அதே தெருவில் நடமாடுகிறார்.

இன்னொரு சின்ன விஷயம், பெரும்பாலும் யாரும் யோசிக்காதது. பக்கத்தின் முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கூடவே ஒரு சின்னப் பெட்டியில் தலைப்பும் சுருக்கமும் படமும் வரும். அந்தச் சுருக்கத்தைப் பக்கத்துக்குள் நாம்தான் எழுதி வைக்க வேண்டும். கதையின் கடைசி வரியை அதில் வைத்தால், திறந்து படிப்பதற்கு முன்னாலேயே சிரிப்பு முடிந்துவிடும். பானைக் கதைக்கு ‘பதினோரு வருடம் கழித்து ஒரு பானை வீடு திரும்பியது’ என்பது போதும்.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துரு வைத்துக்கொள்ளலாம், இலவசம், படிக்கச் சுகம். அளவு 18-க்குக் குறைய வேண்டாம், உங்கள் வாசகர்களில் பாதிப்பேருக்குக் கண்ணாடி. தமிழில் மேலே கொம்பும் சுழியும் கீழே வாலும் உண்டு, வரிக்கு நடுவே தாராளமாக இடம் விட வேண்டும். எழுத்தளவைப் போல 1.7 மடங்கு சரியாக வரும். இரண்டு ஓரமும் சமமாக இழுத்துக் கட்டாதீர்கள், நம் சொற்கள் நீளம், போன் திரையில் நடுவே ஓட்டை ஓட்டையாக விழும். பக்கத்தின் மொழி தமிழ் என்று கோப்பின் தலையில் குறித்துவிட்டால், கண் தெரியாதவர்கள் பயன்படுத்தும் வாசிப்பான் தமிழ்க் குரலில் சரியாக வாசிக்கும். இதை நானே எல்லாப் பக்கத்திலும் போட்டுவிடுகிறேன்.

வீட்டுப் படங்கள் பகுதியில் ஒரே ஒரு திருத்தம் கேட்கிறேன். வருடத்தில் பாதி நாள் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று முகப்பிலேயே எழுதியிருக்கிறீர்கள். பக்கத்திலேயே தேக்குத் தூணும் பெல்ஜியம் கண்ணாடியும் படமாக இருக்கின்றன. அந்த வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். படங்களுக்குள் எடுத்த இடத்தின் குறிப்பும் ஒளிந்திருக்கலாம்; மறுபடி ஏற்றும்போது அதை நீக்கித் தருகிறேன்.

இத்தனையும் செய்த பிறகு தளமே போய்விடக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் தளம் அப்படிப் போனது. தளப் பெயரைப் பதிவு செய்தவர் தன் பழைய அலுவலக மின்னஞ்சலைக் கொடுத்திருந்தார், வேலை மாறிவிட்டார், புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்பு எதுவும் யார் கண்ணிலும் படவில்லை. பெயரை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். எட்டு வருட எழுத்து. நகல் யாரிடமும் இல்லை. உங்கள் தளப் பெயர் எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்று மகனிடம் இன்றைக்கே கேளுங்கள். ஒரே தடவையில் பத்து வருடம் வரை பதிந்துகொள்ளலாம். ஒவ்வொரு தைக்கும் முழுத் தளத்தையும் ஒரு பென்டிரைவில் எடுத்துப் பெட்டகத்தில் வையுங்கள். புதுப் பக்கம் ஏற்றிய அன்றே இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அதன் முகவரியைக் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். 2009-இல் ஜியோசிட்டீஸ் சேவை மூடப்பட்டபோது, உலகம் முழுக்க மக்கள் கட்டியிருந்த சொந்தப் பக்கங்கள் ஒரே நாளில் போயின. இன்று அவற்றில் பார்க்கக் கிடைப்பவை, யாராவது முன்கூட்டியே நகல் எடுத்து வைத்தவை மட்டுமே.

எங்கள் ஊரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார், உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். புத்தகத்தோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் ஆனது. இன்றைக்கு ஆராய்ச்சி செய்கிறவர்கள் அங்கே போய் அந்த நோட்டீஸைத்தான் கேட்கிறார்கள். உங்கள் நாலு நோட்டை நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன், ஆச்சி. கதைகளை மட்டும் தட்டச்சு செய்துவிட்டு நோட்டைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள், நோட்டையும் வைத்திருங்கள்.

முதல் உருப்படியாகப் பானைக் கதையையே போடலாம். அதற்குப் பானையின் படம் வேண்டும். வெட்டின எழுத்து நேர் வெளிச்சத்தில் தெரியாது. காலை எட்டு மணிக்கு வளவில் வெயில் சாய்வாக விழும்போது, பானையைப் படுக்கவைத்துப் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். அதற்கு முன்னால் அந்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சம்மதித்தால் இரண்டு விலாசமும் தெரியட்டும். வேண்டாம் என்றால் உங்களுடையதும், கீழே அவர்களுடைய முதல் எழுத்தின் நுனியும் மட்டும். எப்படியானாலும் அந்தப் படம் கதைக்கு அடியில் வர வேண்டும், மேலே வேண்டாம். வாட்ஸ்அப் பெட்டிக்கு வளவின் படத்தை வைத்துக்கொள்ளலாம்.